மல்லாட்டை மண்டியில் ஒரு செய்தித்தாள்

போளூர் கடைத்தெருவில் என் பெரியப்பா ஒரு மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வேர்க்கடலை என்று எழுதினால்தான் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியும். எங்கள் பக்கத்தில் அது மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்ற சொல் வாயில் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆகிவிட்டது.

காலையில் மண்டிக்கு வரும் தினத்தாளை முதலாளி முன்பக்கத்திலிருந்து படிப்பார். பெரியப்பா உள்பக்கத்துச் சின்னச் செய்திகளில் ஆரம்பிப்பார். எந்த ஏரி உடைந்தது, எந்தப் பாலம் பாதியில் நிற்கிறது, எந்தத் துறைமுகத்தில் வேலைநிறுத்தம், எந்த மாநிலத்தில் மழை பொய்த்தது. "மந்திரி எங்கயும் ஓடிப்போவ மாட்டாரு. அவர சாயங்காலம் படிச்சிக்கலாம். இத காலைலயே பாக்கணும்டா" என்பார். குஜராத்தில் மழை இல்லை என்று இரண்டு வரி வந்திருந்தால், வருகிற மூட்டைக்கு ரெண்டு ரூபாய் கூடப் போட்டு வாங்கி வைக்கச் சொல்வார். நாட்டிலேயே அதிகமாக மல்லாட்டை விளைவது அங்கேதான். அங்கே வயல் காய்ந்தால் இங்கே விலை ஏறும். பள்ளிக்கூடத்துப் புவியியல் பாடம் எனக்கு விளங்கியது அந்த மண்டித் திண்ணையில்தான்.

உள்ளூர்ச் செய்தியில் தொழில் வாய்ப்பைக் கண்டுபிடிப்பது எப்படி என்று இன்று வகுப்பே எடுக்கிறார்கள். இந்த வட்டாரத்துக்கு அது புதிய கலை இல்லை. ஒன்றரை நூற்றாண்டாவது இங்கே செய்தியைப் பார்த்து வியாபாரம் நடந்திருக்கிறது. சிலர் பிழைத்தார்கள், பலர் ஏமாந்தார்கள். செய்தியை யார் படித்தார்கள், லாபம் எந்த இடத்தில் தங்கியது என்று பார்த்துக்கொண்டே போனால், போளூருக்கு மேற்கே எழும்பி நிற்கும் ஜவ்வாது மலைக்குப் போய்ச் சேர்கிறோம்.

கல்லில் வந்த செய்தி

போளூருக்கும் ஆரணிக்கும் இடையே வடமாதிமங்கலத்துக்குப் பக்கத்தில் திருமலை என்று ஒரு சமணத் தலம் இருக்கிறது. அங்குள்ள பாறையில் முதலாம் இராஜேந்திர சோழனின் புகழ்பெற்ற கல்வெட்டு உள்ளது. பதினோராம் நூற்றாண்டின் முதற்பாதியைச் சேர்ந்தது. கங்கை வரை சென்ற படையெடுப்பு, வென்ற நாடுகள், பிடித்த செல்வங்கள் என்று நீளும் அந்த மெய்க்கீர்த்தியை வரலாற்று மாணவர்கள் எல்லோரும் படித்திருப்பார்கள். அன்றைய நாளின் தலைப்புச் செய்தி அது.

கல்வெட்டு அதோடு முடியவில்லை. கோயிலுக்கு விளக்கெரிக்கவும் அமுதுபடிக்கும் பொன் கொடுத்தவரின் விவரம் அதன் பின்னால் வருகிறது. கொடுத்தவர் சாமுண்டப்பை. நன்னப்பையன் என்ற வணிகரின் மனைவி. அரசனின் வெற்றிச் செய்தியும் ஒரு வணிகக் குடும்பத்தின் பணமும் ஒரே பாறையில் அடுத்தடுத்து இருக்கின்றன. இதை வைத்துப் பெரிய முடிவு எதற்கும் வர வேண்டியதில்லை. ஆனால் இந்த வறண்ட பூமியில் அந்தக் காலத்திலேயே கையில் காசு புழங்கும் வணிகர்கள் இருந்தார்கள் என்பதற்கும், நாட்டு நடப்பு இங்கே வந்து சேர்ந்தது என்பதற்கும் அது சாட்சி.

மார்செய்யும் போளூரும்

செய்தியும் விலையும் கைகோத்தே வளர்ந்தவை. 1785இல் தொடங்கிய மதராஸ் கூரியர் பத்திரிகை வந்த கப்பல்களையும் ஏல விளம்பரங்களையும் அச்சிட்டது. இன்று உலகச் செய்தி நிறுவனமாக இருக்கும் ராய்ட்டர், 1850இல் ஜெர்மனியின் ஆகன் நகருக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் இடையே புறாக்களை விட்டுப் பங்குச்சந்தை விலைகளைக் கொண்டு சேர்த்த ஒரு மனிதரின் தொழிலாகத் தொடங்கியது.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1870இல் சூயஸிலிருந்து பம்பாய் வரை கடலடித் தந்திக் கம்பி வந்தது. 1879இல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் ரயில் ஓடியது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் தென்னார்க்காடு, வடார்க்காடு மண்ணில் மல்லாட்டை ஏன் அப்படிப் பரவியது என்பது விளங்கும். பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் எண்ணெய் வித்து வேண்டியிருந்தது. மார்செய் விலை தந்தியில் புதுச்சேரிக்கு வந்தது. புதுச்சேரியிலிருந்து தரகர் வழியாக உள்நாட்டுக்கு வந்தது. பிறகு விழுப்புரத்திலிருந்து காட்பாடி போகும் ரயில்பாதை போளூர் வழியாகவே போடப்பட்டபோது செய்தியும் மூட்டையும் ஒரே தடத்தில் போய்வந்தன.

அந்த விலை போளூர் வயலுக்கு வந்து சேரும்போது நாலு கை மாறியிருக்கும். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். விவசாயிக்குத் தெரிந்த விலை நேற்றைய விலை, ஏற்றுமதியாளருக்குத் தெரிந்தது இன்றைய விலை. இடைப்பட்ட அந்த ஒரு நாள்தான் வியாபாரம்.

1890களில் இந்தப் பயிருக்கு ஒரு பெரிய சரிவு வந்தது. விதை சத்திழந்து, நோய் தாக்கி, விளைச்சல் படுத்துவிட்டது. சென்னை மாகாணத்தின் ஏற்றுமதி சரிந்தது. "மல்லாட்டை கதை முடிஞ்சது" என்று செய்தியைப் படித்தவர்கள் விட்டுவிட்டுப் போனார்கள். வேறு விதை கிடைத்தால் போதும், நிலமும் ரயிலும் மார்செய் சந்தையும் அப்படியேதான் இருக்கின்றன என்று படித்தவர்களும் இருந்தார்கள். 'மொரீஷியஸ்' என்ற பெயரில் வெளியிலிருந்து புதுவிதை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாகுபடிப் பரப்பு பழைய அளவையும் தாண்டி ஓடியது. ஒரே செய்திக்கு இரண்டு வாசிப்பு.

இன்னொன்றும் நடந்தது. இங்கிருந்து போன பருப்புக்கு மார்செயில் நல்ல பெயர் இல்லை. காயை நீரில் நனைத்து, கோலால் அடித்து உடைத்துப் பருப்பெடுப்பது அன்றைய வழக்கம். ஈரம் பட்ட பருப்பு நீண்ட கடற்பயணத்தில் கெட்டு, எண்ணெய் சிக்குவாடை அடித்தது. சமையல் எண்ணெய்க்கு உதவாமல் சோப்புக்குத்தான் போனது. ஆப்பிரிக்காவின் செனகலிலிருந்து கிட்டத்துக் கடல்வழியில் ஓட்டோடு போன காய்க்குக் கூடுதல் விலை. நனைக்காமல் உலர்வாக உடைக்கிற மிஷின் வந்த பிறகுதான் இந்தக் குறை தீர்ந்தது. அந்த மிஷினைப் போட்டவர்கள் ஒரு ஏக்கர்கூட மல்லாட்டை விதைக்காமலே சம்பாதித்தார்கள். விலைச் செய்தியை எல்லோரும்தான் படித்தார்கள். விலை ஏன் குறைகிறது என்று கேட்டவர்கள் மிஷின் வாங்கினார்கள்.

பாரிஸ் விழுந்த நாள்

1940 ஜூன் 14 அன்று ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்தது. உலகத்துக்கு அது போர்ச் செய்தி. மல்லாட்டை மண்டிக்கு அது வேறு செய்தி. பிரான்ஸ் நம்முடைய மல்லாட்டையின் முக்கியமான வாடிக்கையாளர். ஐரோப்பியச் சந்தை மூடிக்கொண்டது, சென்னை மாகாணத்தில் விலை படுத்தது. பெரியப்பா அப்போது சின்னப் பையன். "பாரிஸ்னா எங்க இருக்குதுன்னு தெரியாது. ஆனா அது போனதால எங்க ஊட்ல அந்த தீபாவளிக்குத் துணி எடுக்கல, அது மட்டும் தெரியும்" என்று சொல்வார்.

அதே போர் இன்னொரு ஊரைத் தூக்கி நிறுத்தியது. மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனது. சேலத்தைச் சேர்ந்த மாணிக்கம் செட்டியார் கருவாட்டு வியாபாரத்துக்காக அடிக்கடி கேரளம் போய்வருபவர். அங்கே மரவள்ளிக்கிழங்கு மாவைப் பார்த்தவர். பினாங்கிலிருந்து வந்து, ஜவ்வரிசி செய்யும் முறை தெரிந்திருந்த போபட்லால் ஷாவும் அவரும் சேர்ந்து 1943இல் மரவள்ளி மாவிலிருந்து கைமுறையாக ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். சேலம் மாவட்டத்தையே மாற்றிய தொழில் அப்படித் தொடங்கியது. 1981இல் அதற்கென்று சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பும் வந்தது.

கப்பல் நின்றுபோன செய்தி மாணிக்கம் செட்டியாருக்கு மட்டும் தனியாக வரவில்லை. ஊரே படித்த செய்திதான். அவர் ஏற்கெனவே வேறு வேலையாகக் கேரளம் போய்வந்துகொண்டிருந்தார் என்பதுதான் வித்தியாசம். இரண்டு ஊர் தெரிந்தவனுக்குச் செய்தி பேசும். ஒரே ஊரில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது வெறும் காகிதம்.

மலையிலிருந்து இறங்கியவை

இப்போது மலைக்கு வருவோம். போளூர் பேருந்து நிலையத்திலிருந்து ஜமுனாமரத்தூர் பஸ் ஏறினால் வளைந்து வளைந்து மேலே போகும். முன்பு போளூர் வட்டத்தில் இருந்த பகுதி, இப்போது தனி வட்டம். மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். சாமை, தேன், புளி, கடுக்காய், பலா.

கடுக்காய்க்கும் உலகச் செய்திக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மலையின் மறுபக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் ஊர்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காய்த் தண்ணீரில் நிறம் கொடுத்து முடித்த மாட்டுத்தோல் லண்டன் சந்தையில் நன்றாக விலைபோனது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் பூட்ஸ் வேண்டியிருந்தது. பூட்ஸின் மேல்தோலுக்குச் சென்னை மாகாணத்துத் தோல் தோதாக இருந்ததால் அரசாங்கமே அதன் கொள்முதலைக் கையில் எடுத்துக்கொண்டது. ஐரோப்பாவில் போர் என்ற செய்தியைப் பாலாற்றங்கரைத் தோல் வியாபாரிகள் சரியாகப் படித்தார்கள்.

மலையில் கடுக்காய் பொறுக்கியவருக்கு இதில் என்ன கிடைத்தது? காடு அரசாங்கத்துடையது. சிறுவிளைபொருள் எடுக்கும் உரிமை ஏலத்தில் குத்தகைக்குப் போகும். குத்தகை எடுத்தவர் கீழ்நாட்டு வியாபாரி. பொறுக்கிக் கொடுப்பவருக்குக் கூலி. லண்டன் விலை ஏறினால் குத்தகைத் தொகை ஏறும், கூலி அதே வேகத்தில் ஏறாது. 1970களில் பழங்குடியினருக்கான லேம்ப் கூட்டுறவுச் சங்கங்கள் வந்து இந்தக் குத்தகையை ஓரளவு மாற்றின. 2006 வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருட்கள் மீது அவர்களுக்கே உரிமை என்றது. ஏட்டில் இருந்தது மரத்தடிக்கு வர ரொம்பக் காலம் ஆனது.

சந்தனத்தின் கதை இன்னும் கசப்பு. ஜவ்வாது மலைச் சந்தனம் திருப்பத்தூர் சந்தனக் கிடங்கில் ஏலம் போகும். மரம் அரசாங்கத்துக்கே சொந்தம். உங்கள் வீட்டுக் கொல்லையில் முளைத்தாலும் உங்களுடையது இல்லை. தமிழ்நாட்டில் 2002இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் தன் நிலத்துச் சந்தனம் தனக்கு என்ற நிலை வந்தது. அதற்குள் மலையில் பெரிய மரங்கள் திருட்டிலும் வெட்டிலும் தீர்ந்திருந்தன. மரம் போனது. மரம் வெட்டத் தெரிந்த கைகளும் வேலையின்மையும் மிச்சம்.

கிழக்காசியாவில் செம்மரத்துக்கு விலை ஏறுகிறது என்ற செய்தியை அப்போது சரியாகப் படித்தவர்கள் தரகர்கள். எந்த மலையில் மரம் வெட்டத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், எந்த மாதத்தில் அங்கே வேலை இருக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டுக்கு ஆட்களை ஏற்றிப்போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே ஆந்திரச் சிறப்புப் படையினர் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். பெரும்பாலானவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். அன்று எங்கள் வட்டாரமே முதல் பக்கத்தில் இருந்தது. வாய்ப்பைக் கண்டுபிடிப்பது என்ற பேச்சு எங்கே வந்தாலும் எனக்கு இந்த நாள் ஞாபகம் வரும். செய்தியிலிருந்து வாய்ப்பைப் படித்தவர்கள் யாரும் அந்தக் காட்டில் சாகவில்லை.

சாமையின் முறை

ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதற்கு முன் 2018ஐ இந்திய அரசு அப்படிக் கொண்டாடியது. தமிழ்நாடு அரசு சிறுதானிய இயக்கம் தொடங்கியது. சர்க்கரை நோய்ப் பேச்சு வேறு. சென்னையில் சாமைப் பொங்கல், சாமை பிஸ்கட், கண்ணாடிப் பாட்டிலில் சாமை அரிசி. ஜவ்வாது மலைச் சாமை என்று பெயர் போட்டாலே விலை கூடியது.

மலையில் ஓர் ஆயாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். "நாங்க சாமைய வித்துட்டு ரேசன் அரிசி வாங்கித் துன்றோம் தம்பி" என்றார். ஏன் ஆயா என்று கேட்டேன். "யாரு குத்துறது? என் மருமவளுக்குக் கை வலிக்குதாம். எனக்கு மட்டும் வலிக்காதா?"

விஷயம் அந்தப் பதிலில் இருக்கிறது. நெல்லைப்போலச் சாமையைச் சாதாரண ரைஸ்மில்லில் அரைக்க முடியாது. தானியம் பொடி, உமி இறுக்கம். உரலும் உலக்கையும் பெண்களின் தோளும்தான் அதற்கு மிஷினாக இருந்தன. தோள் ஓய்ந்ததும் சாமை வீட்டுச் சமையலை விட்டு மூட்டைக்குப் போனது. சிறுதானிய அரவைக்குப் பேர்போன நாசிக் வரைக்கும்கூடத் தமிழ்நாட்டு மலைத் தானியம் லாரி ஏறி, அரிசியாகி மறுபடி தெற்கே வந்தது. போன விலைக்கும் வந்த விலைக்கும் இடைப்பட்டது முழுக்க வழியிலேயே தங்கிவிட்டது.

பழைய மல்லாட்டைக் கதைதான் இது. விளைச்சல் இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது, நடுவில் உடைக்கிற மிஷின் இல்லை. கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பெண்கள் குழுக்களுக்குச் சிறிய அரவை மிஷின்களைக் கொண்டுபோனது இதைப் புரிந்துகொண்டுதான். திருவண்ணாமலைக்கு அருகே அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. ஏ.டி.எல். 1 என்ற சாமை ரகம் அங்கே வந்தது. ஜவ்வாது மலையிலும் பழங்குடி உழவர்களே பங்குதாரர்களாக இருக்கும் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று சாமை, தேன், புளி விற்பனையைக் கையில் எடுத்திருக்கிறது. கடுக்காயும் சந்தனமும் போன வழியில் சாமையும் போகாமல் இருக்குமா என்பது இதில் எத்தனை வேலை மலைமேலேயே நடக்கிறது என்பதைப் பொறுத்தது. மூட்டையாக இறங்கினால் கூலி. அரிசியாக இறங்கினால் லாபத்திலும் ஒரு பங்கு.

மூன்று கேள்விகள்

செய்தி பார்த்துத் தொழில் தொடங்கிக் கெட்டவர்கள் பட்டியல் பெரியது. 2000இல் மடகாஸ்கரைப் புயல் தாக்கிய பிறகு வெனிலா விலை எகிறி, 2003 வாக்கில் உச்சிக்குப் போனது. தென்னிந்தியாவில் பலர் வெனிலாக்கொடி நட்டார்கள். கொடி காய்க்கச் சில வருடம் ஆகும். காய்க்கும்போது விலை தரையில் கிடந்தது. 2012இல் ஈமு கோழி. பக்கம் பக்கமாக வந்த விளம்பரத்தைச் செய்தி என்று நினைத்துக் கொங்குப் பக்கத்தில் சேமிப்பைக் கொட்டியவர்கள் போலீஸ் நிலைய வாசலில் நின்றார்கள். ஈமுவை யார் சாப்பிடுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வாங்குபவரும் விற்பவரும் கோழி வளர்ப்பவர்களாகவே இருந்தார்கள்.

பெரியப்பா பணக்காரர் ஆகவில்லை. கடைசிவரை கணக்கெழுதினார். முதல் இல்லாதவன் செய்தியைச் சரியாகப் படித்தாலும் அது அடுத்தவனுக்குச் சொல்லும் யோசனையாகத்தான் முடியும். இதையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். ஆனால் அவர் கேட்கும் மூன்று கேள்விகள் என்னிடம் தங்கிவிட்டன. "எது நின்னுபோச்சு? யாருக்கு அது இல்லாம முடியாது? நடுவுல இன்னா இல்ல?"

1890களில் விதை நின்றது. போர்க்காலத்தில் மலேயாக் கப்பல் நின்றது. மலையில் உலக்கை நின்றது. விலை ஏறுகிறது என்ற செய்தி நம் கைக்கு வரும்போது அது ஊருக்கே வந்துவிட்டிருக்கும். நின்றுபோனதைப் பற்றிய செய்தி சின்னதாக, உள்பக்கத்தில், யாரும் கவனிக்காத இடத்தில் கிடக்கும்.

மூன்றுக்கும் நான் நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அது மலை சொல்லிக்கொடுத்தது. இந்த வாய்ப்பில் ஆபத்தான வேலை யாருடையது, அவருக்கு இந்தச் செய்தி தெரியுமா?

போன மாதம் ஜமுனாமரத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பெண். இருபது வயதிருக்கும். மடியில் ஒரு பை, கையில் செல்போன். யாரோ சாமை விலை கேட்டார்கள்போல. "மூட்டையாவா, அரிசியாவான்னு மொதல்ல சொல்லுங்கண்ணா" என்றாள். பிறகு பஸ் வந்தது.